65 ஆயிரம் ரூபாய்க்கு கார்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

"65 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கார் வருகிறது, மச்சான். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் கைமாறிவிடுமாம். நீங்கள்தான் உதவ வேண்டும்."

ஒரு சனிக்கிழமை இரவு சயான் கோலிவாடாவில் இருந்து என் தங்கையின் கணவர் போனில் இப்படிச் சொன்னார்.

அவர் ஒரு துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். கார் மோகம் பிடித்தவர் அல்ல. அவருடைய தாயாருக்கு பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வாரத்தில் 2 நாள் பரேல் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு சிகிச்சைக்கு அழைத்துப்போக வேண்டும். சயானுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது என்பது மும்பைவாசிகளுக்குத் தெரியும். டாக்சிதான் கதி.

ஒரு நாள் அந்த அம்மாள் டாக்சிக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார். பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் அவசரப்பட்டு வண்டியை நகர்த்திவிட்டார். அம்மாள் ரோட்டில் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் அன்று மாலையே மகன் கார் தேட ஆரம்பித்துவிட்டார்.

என் பெயரில் ரயில்வே ஊழியர் கடன் சங்கத்தில் 50 ஆயிரம் கடன் எடுப்பது, மீதிக்கு என் தங்கையின் சங்கிலியை அடகு வைப்பது. இதுதான் அவருடைய திட்டம்.

"சில்லறை ரிப்பேர்தான் இருக்கிறதாம். 10 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும் என்று தரகர் சொல்கிறார்" என்றார்.

"மாப்பிள்ளை, பணம் கிடக்கட்டும். முதலில் வண்டியைப் பார்ப்போம்" என்றேன்.

7 மணிக்குப் போனோம்

எனக்கு ரயிலைத் தவிர வேறு வண்டி தெரியாது. ஆகவே தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் 35 ஆண்டாக பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரை துணைக்கு அழைத்தேன். திருநெல்வேலிச் சீமைக்காரர். பியட், பத்மினி கார்களில் தொழில் படித்தவர். மும்பையில் டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் 2023 அக்டோபரில் பத்மினி டாக்சிகள் ஓய்வு பெற்றபோது, சொந்தக்காரர் இறந்ததுபோல வருத்தப்பட்டவர்.

"தரகர் 11 மணிக்கு வரச் சொன்னாரா? அப்படியானால் 7 மணிக்கே போவோம், தம்பி" என்றார்.

காரணம் உண்டு. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த என்ஜின் தன் நோயை மறைத்துவிடும். இரவெல்லாம் ஆறிக்கிடந்த என்ஜினை முதல் தடவை கிளப்பும்போதுதான் உண்மை தெரியும். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் சாவியைப் போட வேண்டும்.

புகையையும் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால் ஆடைபோல ஒட்டியிருப்பதும் இதே வியாதியாக இருக்கலாம்.

நாங்கள் பார்த்த கார் மாருதி ஆல்டோ. வெள்ளை நிறம். 13 ஆண்டு 9 மாதம் ஓடிய வண்டி. கூர்லாவில் ஒரு சந்தில் நின்றது. ஸ்டார்ட் செய்தவுடன் கிளம்பியது. புகை இல்லை. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது.

பிறகு அண்ணாச்சி கைப்பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சில் இருந்து மெதுவாகக் காலை எடுத்தார். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் உடனே நின்றுவிட வேண்டும். இது நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது.

"கிளட்ச் போய்விட்டது. பரவாயில்லை, மாற்றிவிடலாம்" என்றார்.

காந்தம் சொன்ன சேதி

அடுத்து சட்டைப்பையில் இருந்து துணியில் சுற்றிய ஒரு சிறிய காந்தத்தை எடுத்தார். கதவுகளில் வைத்தார்; ஒட்டியது. டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே உள்ள ஓரத் தகட்டில் வைத்தார். கீழே விழுந்தது. இன்னும் இரண்டு இடத்தில் விழுந்தது.

காந்தம் இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகட்டில் பட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். கடல் காற்று வீசும் மும்பையில் இரும்புக்கு துருதான் முதல் எதிரி. என்ஜினுக்கு மாற்று உறுப்பு கிடைக்கும். உடம்பே மக்கிய வண்டிக்கு வைத்தியம் செய்து மாளாது.

மீட்டர் 48 ஆயிரம் கிலோமீட்டர் காட்டியது. அண்ணாச்சி கிளட்ச், பிரேக் மிதிகளைக் காட்டினார். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. "48 ஆயிரத்துக்கு இவ்வளவு தேயாது. முள்ளைப் பின்னால் ஓட்டியிருக்கிறார்கள்" என்றார். சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டோம். இல்லை என்றார் தரகர்.

தண்ணீரில் மூழ்கிய காரா?

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அந்தப் பள்ளத்தில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. முன் சீட்டின் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தார். அடி நுனியில் மண் கோடு ஒன்று தெரிந்தது. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு. ஆனால் கால்மிதி விரிப்பு மட்டும் புத்தம் புதியது!

"இது தண்ணீரில் நின்ற வண்டி, தம்பி" என்று என் காதோடு சொன்னார்.

2005 ஜூலை 26-ந் தேதியை மும்பையில் இருந்தவர்கள் மறக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னையிலும் 2015 டிசம்பரில் கார்கள் மிதந்தன. இப்படி மூழ்கிய கார்களில் தேறாதவை என்று ஒதுக்கப்பட்டவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விற்றுவிடும். அவற்றில் சில துடைத்து, மெருகேற்றி மறுபடி சந்தைக்கு வருகின்றன. பெரிய வெள்ளம்தான் வேண்டும் என்பதில்லை. பள்ளமான தெருவில் ஒரு இரவு நின்றாலே போதும்.

என்ஜினைக் கழுவிவிடலாம். ஆனால் வயர்களின் இணைப்புகளுக்குள் புகுந்த தண்ணீர் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். இன்று விளக்கு எரியாது. நாளை ஸ்டார்ட் ஆகாது. மறுநாள் தானாக ஸ்டார்ட் ஆகும். எங்கே கோளாறு என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது.

காகிதத்திலும் ஓட்டை

ஆர்.சி.யை வாங்கிப் படித்தேன். பைல் படிப்பது என் தொழில் அல்லவா?

ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. கடன் அடைந்துவிட்டது என்றார் தரகர். அடைந்திருந்தால் அந்தக் கம்பெனி பாரம் 35-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது இல்லை. ஆர்.சி.யில் இருந்த பெயரும் விற்கிறவரின் பெயர் அல்ல. "பெயர் மாற்றம் பிறகு செய்துகொள்ளலாம். பாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து இருக்கிறது, போதாதா?" என்றார்.

போதாது. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் மாற்றச் சொல்லி எழுத வேண்டும். விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய காரை விற்கும் நண்பர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, பதிவுக் காலம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். இந்த வண்டிக்கு பாக்கி ஒன்றேகால் ஆண்டு. பிறகு தகுதிச் சோதனையில் தேறி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. மராட்டிய அரசின் சுற்றுச்சூழல் வரி தனி. தகடு மக்கிய வண்டி சோதனையில் தேறுமா என்பது வேறு கேள்வி.

டீக்கடையில் போட்ட கணக்கு

தரகரிடம் "யோசித்துச் சொல்கிறோம்" என்று விடைபெற்று டீக்கடைக்கு வந்தோம். அண்ணாச்சி சொல்லச் சொல்ல சிகரெட் அட்டையில் எழுதினேன்.

டயர் 4: 12,000 ரூபாய்
கிளட்ச்: 6,000
முன்பக்க ஆர்ம், புஷ், ஷாக் அப்சார்பர்: 8,000
பேட்டரி: 3,500
பிரேக்: 2,500
தகடு வெல்டிங், பெயிண்ட்: 15,000

ஆக 47 ஆயிரம்.

"இது கண்ணுக்குத் தெரிந்தது. பிரித்த பிறகு தெரியப்போவதற்கு 15 ஆயிரம் தனியாக எழுது" என்றார். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புகைச் சான்று வகையில் 5 ஆயிரம். விலையோடு சேர்த்தால் 1 லட்சத்து 32 ஆயிரம்! அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஒரே கையில் இருந்த, ரசீதுகள் உள்ள அதே மாடல் கார் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு இருந்தது. 8 ஆயிரம் மிச்சப்படுத்த, தண்ணீரில் நின்ற வண்டியை வாங்குவதா?

வாங்கிய பிறகும் செலவு நிற்காது. இரவில் நிறுத்த இடம் மாதம் 1,500 ரூபாய் கேட்டார்கள். ஆண்டுக்கு 18 ஆயிரம். ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022-ல் நிர்ணயித்தபடி 2,094 ரூபாய், வரி தனி. 2,500 என்று வைப்போம். சர்வீசுக்கு 6 ஆயிரம். மொத்தம் 26,500 ரூபாய். இதில் ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது.

டாக்சிக்கு? போய்வர 250 ரூபாய். மாதம் 8 தடவைக்கு 2 ஆயிரம். ஆண்டுக்கு 24 ஆயிரம். காரை இலவசமாகக் கொடுத்தாலும் டாக்சிதான் மலிவு!

எந்த ரிப்பேர் வண்டியை வாங்கலாம்?

அப்படியானால் பழைய காரே கூடாதா என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

"யார் சொன்னது? என் பட்டறைக்கு வரும் இட்லிக் கடைக்காரர் கிளட்ச் எரிந்து நின்ற மாருதி 800-ஐ அடிமாட்டு விலைக்கு வாங்கினார். தகடு சுத்தம், காகிதம் சுத்தம். தினமும் பாத்திரம் ஏற்றுகிறார். ஓடிக்கொண்டே இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்:

கிளட்ச், பிரேக், டயர், பேட்டரி, ஷாக் அப்சார்பர் ஆகியவை தேயத்தான் செய்யும். இவற்றின் செலவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லி வாங்கலாம். மக்கிய தகடு, தண்ணீரில் நின்ற அடையாளம், சரியில்லாத காகிதம் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விலை கேட்காமலே திரும்பிவிட வேண்டும்.

கூர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய உதிரி உறுப்புகள் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றை அங்கே வாங்கலாம். பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், டயர், ரப்பர் சாமான்களை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது.

பார்க்கப்போகும்போது கையில் முன்பணம் கொண்டுபோகாதீர்கள். பணம் கையில் இருந்தால் கண் மங்கிவிடும்.

கணக்கில் வராத ஒன்று

சிகரெட் அட்டையை மாப்பிள்ளை இரண்டு தடவை படித்தார்.

"கணக்கு சரிதான், மச்சான். ஆனால் அம்மா ரோட்டில் விழுந்தார்களே, அது இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு தூக்கமும் இல்லை.

மறுநாள் டூட்டிக்குப் போகும் முன் ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் அருகே டாக்சி நிற்கும் இடத்துக்கு இருவரும் போனோம். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த வயதான டிரைவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னோம். வீட்டு வாசலுக்கு வர வேண்டும், அம்மாள் உட்கார்ந்து கதவைச் சாத்தும்வரை என்ஜினைக் கிளப்பக் கூடாது, 250-க்குப் பதில் 300 ரூபாய் தருகிறோம் என்றோம். அவர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் வந்தபோது, ஏறுவதற்கு வசதியாக ஒரு சிறிய பலகையும் கொண்டுவந்தார். நாங்கள் கேட்கவில்லை.

டாக்டரையும் அதற்குப் பிறகுதான் விசாரித்தோம். சிகிச்சை 6 மாதம் என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்! 6 மாதத் தேவைக்கு 3 ஆண்டுக் கடன் வாங்கப் போனோம்.

இப்போது 5 மாதம் ஆகிறது. அந்த அம்மாள் கைத்தடி ஊன்றி தெருமுனைக் கோவில்வரை நடந்து போய் வருகிறார். என் தங்கையின் சங்கிலி அவள் கழுத்தில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு கார் ஆசை போய்விட்டதா? இல்லை. மாதம் 2 ஆயிரம் ரூபாய் தனியாகப் போட்டு வருகிறார். "எப்போதாவது வாங்குவேன், மச்சான். காலை 7 மணிக்குப் போய் வாங்குவேன்" என்கிறார். ஒரு சிறிய காந்தமும் வாங்கி வைத்திருக்கிறார்.

அந்த வெள்ளை ஆல்டோ இரண்டு வாரத்தில் விற்றுப்போய்விட்டது. வாங்கியவரிடம் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல ஆள் இருந்தார்களோ, இல்லையோ!