கானகத்தில் ஒரு திருமணம்



மாலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பிய ஒரு நாள், நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் வாயிலில் காத்து நின்றார். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் பணிபுரியும் அவருடைய மகள் தொலைபேசியில் கூறிய செய்தி அவரை நிலைகுலையச் செய்திருந்தது.

"சாமி, என் மகள் காட்டுக்குள் போய்க் கல்யாணம் செய்யப் போகிறாளாம். மொத்தமே ஆறு பேராம். ஓடிப்போகிற கல்யாணம் என்று அவளே பெயரும் சொல்கிறாள். நான் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?" என்றார். மணமகனாக வரவிருந்தவரும் நம் மறையைச் சேர்ந்தவரே. மொழி மட்டுமே வேறு.

அப்பெண் கூறிய சொல் 'எலோப்மென்ட்' என்பதாகும். முற்காலத்தில் அது பெற்றோர் அறியாமல் ஓடிச் சென்று மணப்பதையே குறித்தது; நம் இலக்கியம் உடன்போக்கு என்று கூறுவதற்கு ஏறத்தாழ ஒப்பானது. இன்றோ அந்நாட்டில், பெருங்கூட்டமும் பெருவிருந்தும் இன்றி, நெருங்கிய சிலர் மட்டும் சூழ, இயற்கை எழில் மிக்க ஓரிடத்தில் செய்துகொள்ளும் சிறு திருமணத்தையும் அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். ஆகவே மகள் ஓடிப்போகவில்லை. தந்தையிடம் முன்னரே சொல்லியிருக்கிறாள். இதனை எடுத்துக் கூறியதும் அவருடைய பதற்றம் சற்றே தணிந்தது.

அவர்கள் தேர்ந்திருந்த இடம் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா. டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் இம்மலைக்காடு 1934ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1983இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஐந்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அக்காட்டில் மரங்கள் வெளிவிடும் ஆவி நீலப் புகைபோல் மலைகளை மூடி நிற்பதால் 'புகைமலை' என்னும் பெயர் வந்தது. முன்னாளில் அங்குக் குடியிருந்த மக்கள் கட்டிய மூன்று கோவில்கள் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. காட்டுக்குள் குடியேறியபோதும் அம்மக்கள் இறைவனுக்கு ஓர் இல்லம் எழுப்பத் தவறவில்லை.

"காடுதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே திருமணச் சடங்கு நடத்தப் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். மாவட்ட அலுவலகத்தில் திருமண உரிமம் பெறவேண்டும். டென்னசியில் பெற்ற உரிமம் முப்பது நாள்களுக்கே செல்லும். அதுவும் அம்மாநில எல்லைக்குள் மட்டுமே. மாநில எல்லையோ மலைமுகட்டின் வழியே ஓடுகிறது! டென்னசி உரிமத்தோடு முகட்டைத் தாண்டி மறுபக்கம் நின்று மணந்தால் அவ்வுரிமம் பயன்படாது. மணமக்கள் மீது அரிசியோ மலரிதழோ தூவலாகாது, பறவைகளைப் பறக்கவிடலாகாது. கரடியைக் கண்டால் நூற்றைம்பது அடிக்குள் நெருங்குதல் குற்றம்.

இவற்றையெல்லாம் அப்பெண் நன்கு விசாரித்து வைத்திருந்தாள். தந்தையின் வேண்டுகோளின்படி நான் அவளோடு பேசியபோது ஒவ்வொன்றாக எடுத்துரைத்தாள். "திருமணத்தை நடத்தி வைப்பவர் யாரம்மா?" என்று கேட்டேன். அரசின் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் வருவார் என்றாள். "குருவானவர்?" என்றேன். மறுமுனையில் மௌனம். கரடிக்கும் மலரிதழுக்கும் உள்ள சட்டத்தை அறிந்த பிள்ளை, தன் அருட்சாதனத்திற்குரிய சட்டத்தை அறிந்திருக்கவில்லை. அவளைக் குறை கூறுவானேன்? நாம் கற்பிக்கவில்லை.

குடும்பத்தாரே, திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் மனமொத்த சம்மதமே. அதனை வேறெவரும் அவர்களுக்காக அளிக்க இயலாது. ஆதலால் முற்காலத்தில் சாட்சியின்றி இருவர் இரகசியமாகக் கொடுத்துக்கொண்ட வாக்கையும் திருச்சபை மெய்யான திருமணமாகவே ஏற்றது. விளைவு என்ன? வாக்களித்தவனே பின்னர் மறுத்தான். வேறொருத்தியை ஊரறிய மணந்தான். கைவிடப்பட்டவளுக்குச் சாட்சி சொல்ல ஒருவருமில்லை. இக்கொடுமையைக் களையவே திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில், பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னிற்கவேண்டுமென ஆணையிட்டது. பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று நம் தொல்காப்பியரும் கூறியிருப்பதை இங்கே நினைவுகூரலாம். சட்டம் காதலுக்குப் பகையன்று. ஏமாற்றப்படக் கூடியவருக்கு அது காவல்.

அதே சங்கம் மற்றொன்றையும் உறுதியாகக் கூறிற்று: பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகள் செய்த திருமணம் அக்காரணத்தாலேயே செல்லாது என்போரின் கருத்தை அது கண்டித்தது. பெற்றோர் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, கத்தோலிக்கர் இருவர் மணக்கையில் அதிகாரம் பெற்ற குரு அல்லது திருத்தொண்டர் ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னிற்க வேண்டும். இன்றேல் அது திருச்சபையின் முன் செல்லாது. இடம் பங்கு ஆலயமாக இருத்தல் வேண்டும். வேறு தகுந்த இடத்தில் நடத்த ஆயரின் அனுமதி தேவை. ஆறு பேர் போதுமா என்று கேட்டால், போதும்! ஆயிரம் பேர் வேண்டுமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

"இவ்வளவு சிறிதாக ஏனம்மா?" என்று இறுதியாகக் கேட்டேன். அவள் அழுதாள். "சாமி, அக்காவின் கல்யாணக் கடனை அடைக்க அப்பாவுக்கு ஏழு வருடம் ஆயிற்று. இப்போது எனக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் பார்க்கிறார். வேண்டாமென்றால் கேட்கமாட்டார். அதனால்தான்" என்றாள். தந்தை அருகில் அமர்ந்து இதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

தோபித்து ஆகமத்தை நினைத்துப் பாருங்கள். தோபியா தன் பெற்றோரை விட்டுத் தொலைவில், வேற்றூரில் சாராவை மணந்தான். அவன் தாய் தந்தையர் அத்திருமணத்தில் இல்லை. அவர்கள் வீட்டில் நாள்களை எண்ணிக் கலங்கியிருந்தனர். ஆயினும் அங்கே தந்தையொருவர் பெண்ணின் கைப்பிடித்துக் கொடுத்தார், ஒப்பந்தம் எழுதப்பட்டது, மணமக்கள் இருவரும் இறைவனை வேண்டினர். தொலைவு அத்திருமணத்தைக் குறையுடையதாக்கவில்லை.

பூங்காவின் வாயிலிலுள்ள கேட்லின்பர்க் நகரில் தூய மரியன்னை பெயரால் கத்தோலிக்க ஆலயம் ஒன்று உள்ளது. அதனை அப்பெண்ணுக்குத் தெரிவித்தேன். இங்கிருந்து திருமுழுக்குச் சான்றிதழை அனுப்பி, நம் ஆலயத்தில் ஓலையும் வாசித்தோம். ஆலயத்தில் ஆறு பேர் முன்னிலையில் அருட்சாதனம். அதன்பின் காட்டில் நன்றிச் செபம். இவ்வாறு முடிவாயிற்று.

அங்கே பிற்பகல் மூன்று மணி. இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. தொலைபேசித் திரையில் பெற்றோர் திருமணத்தைக் கண்டனர். தந்தை திரையில் தெரிந்த மகளின் நெற்றியில் விரலால் சிலுவை அடையாளம் வரைந்தாராம். மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்தவர், "சாமி, பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மணவிழாவின் செலவும் ஆடம்பரமும் அன்பை நெருக்கிவிடாமல், எளிய விழாவைத் தேர்ந்துகொள்ளும் துணிவு மணமக்களுக்கு வேண்டுமென்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் அறிவுறுத்தினார். பெற்றோரே, உங்கள் பிள்ளை சிறு திருமணம் கேட்டால், ஊரார் என்ன சொல்வர் என்பதற்கு முன், அவள் ஏன் கேட்கிறாள் என்று வினவுங்கள். இளைஞரே, காட்டையும் மலையையும் தேடுமுன் உங்கள் பங்குக்குருவைத் தேடுங்கள். கானாவூர் மணவீட்டில் விருந்தினரை எண்ணியவர் யாரென நற்செய்தி கூறவில்லை. இயேசுவின் தாய் அங்கே இருந்தார், இயேசுவும் அழைக்கப்பட்டிருந்தார் என்பதையே கூறுகிறது.