வாய் பேசாத வேளையில் கழுத்து பேசட்டும்



குளத்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மதிய வேளை என்று வைத்துக்கொள்வோம். விளாத்திகுளம் செல்லும் பேருந்துக்காக நாம் பலர் காத்து நிற்கிறோம். காட்டு வேலை முடிந்து வருகிற ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், தள்ளாடியபடி வருகிறார். சட்டை முழுவதும் வியர்வை. கை நடுங்குகிறது. "என்ன அண்ணாச்சி, என்ன செய்யுது?" என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். நாக்குக் குழறுகிறது. பிடிக்கப் போனவரின் கையைக் கோபமாகத் தட்டிவிடுகிறார். சற்று நேரத்தில் நிழற்குடையின் ஓரத்தில் சாய்ந்து விழுகிறார்.

நாம் என்ன நினைப்போம்? "பட்டப்பகல்லயே போட்டுட்டு வந்துட்டாரு" என்போம். பேருந்து வந்ததும் ஏறிப் போய்விடுவோம்.

ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவராக இருக்கலாம். விடியற்காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, "மிளகாய்ச் செடிக்குக் களை எடுத்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று காட்டுக்குப் போனவராக இருக்கலாம். போட்ட மருந்து தன் வேலையைச் செய்தது. வெயிலில் செய்த உழைப்பும் சேர்ந்துகொண்டது. வயிற்றில் உணவு இல்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த ஒரு டம்ளர் தண்ணீர். அதைக் கொடுக்க அங்கே இருபது பேர் இருந்தோம். ஆனால் அவருக்கு நீரிழிவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவராலும் சொல்ல முடியவில்லை.

சர்க்கரை கூடுவது மட்டும்தான் ஆபத்தா?

நீரிழிவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சர்க்கரை கூடுவதுதான். கண், சிறுநீரகம், கால் என்று அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. சர்க்கரை இறங்குவது அப்படியல்ல. அது நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். நமது மூளை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை நம்பியே இயங்குகிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் அது 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54க்கும் கீழே போனால் நிலைமை மோசம். முதலில் பசி, நடுக்கம், வியர்வை, படபடப்பு. பிறகு குழப்பம், எரிச்சல், நாக்குக் குழறல். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மயக்கம், சில வேளைகளில் மரணம்.

எல்லா நீரிழிவுக்காரர்களுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்படித் திடீரென்று இறங்குவது அரிது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். வயது முதிர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இன்னும் அதிகம். பல ஆண்டுகள் நோயோடு வாழ்ந்த சிலருக்கு நடுக்கம், வியர்வை போன்ற முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடுவதும் உண்டு. "எந்த மாத்திரை நான் சாப்பிடுகிறேன்? அது சர்க்கரையை இறக்கிவிடுமா?" என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையாகவே குடித்திருப்பவருக்கும் சர்க்கரை இறங்கலாம். உணவு இல்லாத வேளையில் கல்லீரல்தான் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்துக்குத் தருகிறது. மது அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. ஆகவே வாயில் வாடை வீசுகிறது என்பதற்காக ஒருவரைத் தெருவோரம் விட்டுவிடவும் நமக்கு உரிமை இல்லை.

ஒரு தந்தையின் கவலையில் பிறந்தது

பேச முடியாத நோயாளிக்காகப் பேச ஓர் அடையாளத்தை உடலிலேயே அணிவித்தால் என்ன? இந்த எண்ணம் பரவக் காரணமாக இருந்தது ஒரு குடும்பத்தின் அனுபவம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் டர்லாக் என்ற ஊரில் மேரியன் காலின்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1953ஆம் ஆண்டு அவருடைய மகள் லிண்டாவுக்கு வயது 14. விரலில் காயம் பட்டது. ஏப்பு நோய் வராமலிருக்க அக்காலத்தில் கொடுக்கப்பட்ட எதிர்நச்சு மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று சோதிப்பதற்காகத் தோலில் வைத்த சிறு துளியே அவளைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டது. எப்படியோ பிழைத்தாள்.

பெற்றோருக்கு நிம்மதி இல்லை. வெளியூரில் அவளுக்கு அடிபட்டு, நினைவில்லாமல் கிடக்கும்போது யாராவது அதே மருந்தைக் கொடுத்துவிட்டால்? முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் கட்டி அனுப்பினார்கள். பிறகு வெள்ளியில் ஒரு கைச்சங்கிலி செய்து அதில் எச்சரிக்கையைப் பொறித்தார்கள். தம் மகளுக்கு உதவியது மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று 1956ஆம் ஆண்டு மெடிக்அலர்ட் என்ற அமைப்பை அந்தப் பெற்றோர் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் நீரிழிவு, வலிப்பு, இதய நோய், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் இத்தகைய சங்கிலிகளை அணிகிறார்கள்.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு இது புதிய பழக்கமும் அல்ல. உத்தரியமும் சுரூபமும் நம் கழுத்தில் காலங்காலமாகத் தொங்குகின்றன. மேலைநாடுகளில், "நான் கத்தோலிக்கர், குருவானவரை அழையுங்கள்" என்று பொறித்த சுரூபங்களை அணிகிறவர்கள் உண்டு. சாகும் வேளையில் வாய் பேசாமல் போனாலும் நோயில்பூசுதல் கிடைக்காமல் போய்விடக்கூடாது என்ற அக்கறை அது. ஆன்மாவுக்காக இவ்வளவு முன்யோசனை செய்கிற நாம் உயிருக்காகவும் செய்தால் என்ன?

நம் ஊரில் எப்படிச் செய்வது?

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டிக் கொடுக்கும் பாத்திரக்கடைகளை நாம் அறிவோம். திருமணச் சீர்வரிசையில் ஒரு கரண்டிகூடப் பெயர் இல்லாமல் போவதில்லை! அந்த எழுத்து வெட்டும் கருவியே போதும். கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய எவர்சில்வர் வில்லையில் எழுத்து வெட்டச் சொல்லுங்கள். வசதி உள்ளவர்கள் ஆசாரியிடம் வெள்ளியில் செய்துகொள்ளலாம். எவர்சில்வர் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும்.

அதில் என்ன எழுதுவது? இடம் சிறிது. எனவே முக்கியமானவை மட்டும். முதல் வரியில் "நீரிழிவு". இரண்டாவது வரியில் "இன்சுலின்" அல்லது சாப்பிடும் மாத்திரையின் பெயர். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருந்தால் அது. பின்பக்கம் பெயரும் வீட்டாரின் கைபேசி எண்ணும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் தமிழோடு ஆங்கிலத்திலும் இருந்தால் வெளியூரில் உதவும். எண் மாறினால் வில்லையையும் மாற்ற மறந்துவிடாதீர்கள். பழைய எண்ணை அழைத்தால் மறுமுனையில் எடுக்க நம் வீட்டார் இருக்கமாட்டார்கள்.

எங்கே அணிவது? உதவிக்கு வருகிறவர்கள் முதலில் நாடி பார்க்க மணிக்கட்டையும் கழுத்தையும் தொடுவார்கள். ஆகவே இந்த இரண்டில் ஒன்றுதான் சரியான இடம். அரைஞாணில் கட்டினால் யார் கண்ணிலும் படாது. இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்கள் கைச்சங்கிலி சிக்கிக்கொள்ளாதபடி கழுத்தில் அணிவது நல்லது. சங்கிலி வாங்க இயலாதவருக்குக் கறுப்புக் கயிறு போதும்.

பல மருத்துவர்கள் நீரிழிவுக்காரர்களுக்கு அடையாள அட்டை தருகிறார்கள். அதைப் பையில் வைத்திருப்பதும் நல்லதே. ஆனால் காட்டு வேலைக்குப் போகும்போது பணப்பை வீட்டில் இருக்கும். கைபேசியின் பூட்டுத் திரையிலும் அவசரத் தகவலைப் பதியலாம். ஆனால் மின்னூட்டம் தீர்ந்த கைபேசி ஊமைதான். கழுத்தில் கிடப்பது எப்போதும் கூடவே இருக்கும்.

வெட்கம் யாருக்கு?

இவ்வளவு எளிதான ஒன்றை நாம் ஏன் செய்வதில்லை? காசு காரணம் அல்ல. வெட்கம்தான் காரணம். "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?" என்ற கேள்வி நம்மைத் தடுக்கிறது. குறிப்பாக, சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் பெண்பிள்ளைகளின் பெற்றோர், "வெளியே தெரிந்தால் கலியாணம் தட்டிப்போகும்" என்று நோயை மூடி மறைக்கிறார்கள். பள்ளி ஆசிரியருக்குக்கூடச் சொல்வதில்லை. வகுப்பில் அந்தப் பிள்ளை சோர்ந்து மேசையில் தலை சாய்த்தால், "தூங்குமூஞ்சி" என்ற திட்டுதான் கிடைக்கும். அவளுக்குத் தேவைப்பட்டது குளுக்கோஸ் அல்லவா?

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நம் ஆலயத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது இருக்கக்கூடும். இத்தனை பேருக்கு உள்ள நோய் எப்படி அவமானமாகும்? மறைத்துவைத்த நோய்க்கு உதவி வராது. பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டில் தனியே வாழும் நம் முதியோருக்கு இந்த அடையாளம் இன்னும் அவசியம்.

அடையாளத்தைப் பார்த்தவர் செய்ய வேண்டியது

வில்லையை அணிவதோடு வேலை முடிந்துவிடவில்லை. அதைப் படிக்கிறவருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

விழுந்தவர் விழித்திருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கருப்பட்டித் தண்ணீரும் பழச்சாறும் உதவும். 15 நிமிடம் பாருங்கள். தெளியவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். தெளிந்தபின் ஏதாவது சாப்பிடச் செய்யுங்கள். நம் பகுதியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கடலைமிட்டாய். 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நமக்குப் பெருமைதான். ஆனால் கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். எனவே முதலில் சர்க்கரைத் தண்ணீர், தெளிந்தபின் கடலைமிட்டாய்.

நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். 2008 செப்டம்பர் முதல் தமிழகத்தில் இயங்கும் இந்த அவசர ஊர்தியில் வருகிறவர்களிடம் வில்லையைக் காட்டுங்கள். சர்க்கரை கூடியதா, இறங்கியதா என்று தெரியவில்லையே என்ற சந்தேகம் வரலாம். விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரை கொடுப்பதே சரி. கூடியிருந்தால் அந்தச் சிறு அளவு பெரிய கெடுதல் செய்யாது. இறங்கியிருந்தால் அதுவே உயிரைக் காக்கும். ஆனால் நீங்களாக இன்சுலின் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நோன்பும் திருப்பயணமும்

நம் பக்தி முயற்சிகளிலும் கவனம் தேவை. சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் நோன்பு இருக்கும் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும்வரை மட்டுமே. நோயுற்றவர்களை அது கட்டாயப்படுத்துவதில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியிலும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. தலை சுற்றுகிறபோது, "நன்மை வாங்கிவிட்டுச் சாப்பிடலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடிக்கும், ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்குக் காமநாயக்கன்பட்டிக்கும், செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் செல்கிறோம். நீண்ட நடை சர்க்கரையை இறக்கும். கூட்டத்தில் நம்மை அறிந்தவர் பக்கத்தில் இல்லாமல் போகலாம். செபமாலையோடு வில்லையும் கழுத்தில் இருக்கட்டும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நமக்கு ஒரு சிந்தனை

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்த மனிதர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தான் யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. இருவர் விலகிப் போனார்கள். ஒருவர் மட்டும் அருகில் போய்ப் பார்த்தார். அருகில் போனதால்தான் காயம் தெரிந்தது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது. அந்தச் சட்டம் அவரை அழைக்கும் பெயரே "நல்ல சமாரியர்" என்பதுதான்.

எனவே நம் முன் இரண்டு கடமைகள் உள்ளன. நீரிழிவோடு வாழ்கிற நாம், நமக்கு உதவ வருகிறவருக்கு வழிகாட்ட ஒரு சிறு வில்லையை அணிந்துகொள்வோம். மற்ற நாம், தள்ளாடுகிறவரைக் குடிகாரர் என்று தீர்ப்பிடுவதற்கு முன் அருகில் போய், அவர் கழுத்தையும் கையையும் பார்ப்போம். அடுத்த முறை பாத்திரக்கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள அப்பாவுக்கோ, அம்மாவுக்கோ, ஆச்சிக்கோ ஒரு வில்லையில் எழுத்து வெட்டி வாங்கி வருவோம். குடத்துக்குப் பெயர் வெட்டுகிற நாம் உயிருக்காகவும் நான்கு எழுத்து வெட்டுவோமே!