ஐயாவுக்கும் ஒரு லீவு வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை நமக்கெல்லாம் லீவு. கறிக்குழம்பு, குட்டித் தூக்கம்! சபை குருவானவருக்கோ அன்றுதான் வாரத்திலேயே கனமான வேலை நாள். காலையில் ஒரு ஆராதனை, பைக்கில் அடுத்த கிராமத்துக்கு ஓடி இன்னொன்று, மதியம் ஞானஸ்நானம், மாலையில் கமிட்டி. சரி, திங்களாவது படுக்கலாம் என்றால் வாசலில் குரல்: ‘ஐயா இருக்காங்களா?’

என் சித்தப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் குருவானவராக இருந்தவர். ஒரு பெரிய வெள்ளியன்று, மூன்று மணி நேர ஆராதனை முடிந்து பிரசங்க பீடத்திலிருந்து இறங்கும்போது அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 340, ரத்த அழுத்தம் 180/110. இரண்டும் இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது. ‘டெஸ்ட் எடுக்க ஏதுடா நேரம்?’ என்றார். பார்க்க வந்த ஒருவர், ‘ஈஸ்டர் கழிஞ்சு எங்க வீட்டுக் கல்யாணம்... எந்திரிச்சு வந்துருவீங்கள்ல ஐயா?’ என்று கேட்டார். பாசம்தான். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நம் உபசாரத்திலும் ஒரு கணக்கு உண்டு. வீடு சந்திக்க வரும் ஐயாவை காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். வேண்டாமென்றால் மனஸ்தாபம்! பத்து வீடு, காபிக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 80 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் மேல் வரம்போ ஏறக்குறைய 50 கிராம். கேசரி, அதிரசம் தனிக்கணக்கு. மோர் கொடுங்களேன், சுண்டல் கொடுங்களேன். ஐயாவாக வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

இது நம்மூர் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் மெதடிஸ்ட் போதகர்களை டியூக் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2010ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 40 பேருக்கு உடல் பருமன். அதே மாநிலத்து மற்றவர்களைவிட 10 பேர் அதிகம். நீரிழிவும் ரத்த அழுத்தமும்கூட கூடுதல்தான்.

உடம்பாவது விழுந்து காட்டிவிடும். மனசு? எத்தனை தூங்கினாலும் தீராத அசதி, ஜனங்களைக் கண்டாலே எரிச்சல், ‘நான் செஞ்சு என்ன ஆச்சு’ என்ற விரக்தி... வேலை அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019ல் தன் பட்டியலில் விளக்கியிருக்கிறது. வக்கீலுக்கு வந்தால் டென்ஷன் என்கிறோம். போதகருக்கு வந்தால் விசுவாசக் குறைவாம்! அதற்குப் பயந்தே பலர் மறைக்கிறார்கள். விரக்தி வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். தாமதிக்கக் கூடாது.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்றவர்தானே? அவருக்கு முதலில் கிடைத்தது உபதேசமா? தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம்.

குருமனையிலும் அதுதான் மருந்து. தினம் ஏழு மணி நேரத் தூக்கம், அரை மணி நடை, வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கரை, பிரஷர் பரிசோதனை. வாரத்தில் ஒரு நாள் போன் செயலாளரிடம் இருக்கட்டும். மரணம், ஆபத்து என்றால் மட்டும் ஐயாவைக் கூப்பிடலாம். இதை ஐயா கேட்டு வாங்கக் கூடாது, கமிட்டியே தீர்மானம் போட வேண்டும்.

சித்தப்பா வீடு திரும்பியதும் சித்தி கேட்டில் ஒரு சிலேட்டை மாட்டினாள்: ‘திங்கள் ஐயாவுக்கு ஓய்வு.’ முதல் வாரமே இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் ஒரு பாட்டி, சிலேட்டைப் பக்கத்துப் பையனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கேட்டிலேயே ஒரு தூக்கு மோரை மாட்டிவிட்டுப் போனாள்.