உங்களுக்குத் தெரியுமா? ஒரு கிலோ ஆலங்கட்டி!

உலகில் நிறுத்துப் பதிவான ஆலங்கட்டிகளில் ஆகப் பாரமானது விழுந்தது பனிநாட்டில் அல்ல, வங்காளதேசத்துக் கோபால்கஞ்சில். 1986 ஏப்ரல் 14. எடை 1.02 கிலோ!

• மன்னார் ஓலைத்தொடுவாய்க் கரையில் ஆலங்கட்டி அபூர்வம். நம் வானில் நீர் உறையும் உயரம் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். சின்னக் கட்டிகள் வரும் வழியிலேயே கரைந்து மழையாகிவிடும்.

• வந்தால், பங்குனி, சித்திரைப் பிற்பகல் இடிமழையோடு வரவே வாய்ப்பு அதிகம்.

• ஆலங்கட்டி விழுந்து கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற் வெடித்தால் மேலே ஏறாதீர்கள்; ஈரச் சீற் வழுக்கும், ஆளோடு உடையும். அறுக்கவும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

• திருத்துமுன் சேதத்தைப் படம் எடுங்கள். கட்டிக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்தால் அளவு தெரியும் (கரைவதற்குள்!). பிறகு கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117.