தெரு விளக்கும் வீட்டு வரியும்

சங்கத்தில் பங்கு எடுக்காதவருக்குக் கடன் இல்லை. தெரு விளக்கிற்கு இவ்விதி செல்லாது. சந்தா கொடாதவர் வாசலிலும் வெளிச்சம் விழும். அதைக் கண்டு, கொடுத்தவரும் மறுமாதம் நிறுத்திவிடுவார். ஆகையால் இதற்குச் சந்தாவன்று, வரியே பொருத்தம். தமிழ்நாட்டில் 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம், குடியிருப்புப் பகுதிகளின் பொது வீதிகளில் விளக்கிடுவதைக் கிராம ஊராட்சியின் கடமையாக்கி, வீட்டு வரி விதிக்கும் அதிகாரத்தையும் அளித்துள்ளது. கம்பம் நடுவது ஒரு முறைச் செலவு. மின்சாரக் கட்டணமும் பழுது பார்ப்பதும் ஓயாத செலவு. தம் வீட்டெதிரே விளக்குக் கோரும் கனவான்கள் வரி ரசீதையும் உடன் கொண்டுவந்தால் நலம். கிராம சபையில் அங்கத்தினர்கள் வரிப் பாக்கி எவ்வளவென்றும், எந்தத் தெரு இருளில் கிடக்கிறதென்றும் சேர்த்தே கேட்க வேண்டும். பல ஊர்களில் ஆதிதிராவிடர் தெருவுக்கே விளக்குக் கடைசியில் வருகிறது. வரி கேட்பவர் மட்டும் அங்கே முன்னதாகவே வந்துவிடுகிறார்.