குதிரையை இழுக்கும் வண்டி

வண்டியைக் குதிரை இழுப்பதை நாம் கண்டிருக்கிறோம். குதிரையை வண்டி இழுத்துச் செல்வதைக் கண்டவர் நம்மில் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் விடுமுறைக் காலத்திலும் வார இறுதியிலும் அது சாதாரணக் காட்சி. முன்னே வலிமை மிக்க பிக்கப் லாரி ஒன்று செல்லும். அதன் பின்னே முப்பது அடிக்கும் மேல் நீண்டதொரு டிரெய்லர் தொடரும். அதன் முற்பகுதிச் சன்னலில் வீட்டுத் திரைச்சீலை தொங்கும். பிற்பகுதியில் கம்பிகளுக்கு அப்பால் இரண்டு மூன்று குதிரைகளின் முகங்கள் தெரியும். குதிரைகளோடு காட்டுக்குச் சென்று கூடாரவாழ்க்கை நடத்தப் புறப்பட்ட குடும்பம் அது.

இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? 1915-ஆம் ஆண்டில் அந்நாட்டில் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமாக 2 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் ஏர் உழுதும் பாரம் இழுத்தும் மனிதனுக்கு உழைத்தன. டிராக்டரும் மோட்டார் லாரியும் பரவியபின் அவற்றின் வேலை போயிற்று. 1960-இல் எஞ்சியவை ஏறத்தாழ 30 இலட்சமே. உழைப்புக்காக வளர்க்கப்பட்ட விலங்கு, அதன் பிறகு பெரும்பாலும் மனமகிழ்ச்சிக்காக வளர்க்கப்படலாயிற்று. ஆயினும் ஏறிச் செல்ல இடம் வேண்டுமன்றோ? ஊர்ப்புறத்து மண்பாதைகள் தார்ச்சாலைகளாகிவிட்டன. மனம்போல் சவாரி செய்யத்தக்க நீண்ட ஒற்றையடித் தடங்கள் தொலைவிலுள்ள காடுகளிலும் பூங்காக்களிலுமே உள்ளன. நம்மைச் சுமந்த குதிரையை நாம் சுமந்துசெல்லும் நிலை இவ்வாறு வந்தது.

வீடும் லாயமும் ஒரே கூரையில்

குதிரை டிரெய்லர்களில் இரு பெரும் வகைகள் உண்டு. இரண்டு குதிரைகள் நிற்கத்தக்க சிறிய டிரெய்லர், இழுக்கும் வண்டியின் பின்புறமுள்ள உருண்டைக் கொக்கியில் மாட்டப்படும். பெரிய டிரெய்லருக்கோ வாத்தின் கழுத்தைப் போல் முன்னோக்கி வளைந்து நீண்ட கழுத்து இருக்கும். அது லாரியின் திறந்த பின்தட்டுக்குள் இறங்கி, பின்னச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே பூட்டப்படும். பாரத்தின் ஒரு பகுதி லாரியின் சக்கரங்களின் மீதே அமர்வதால், நீண்ட வண்டியும் ஆட்டம் குறைந்து செல்லும். 

இத்தகைய பெரிய டிரெய்லர்களின் முற்பகுதியில் கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை ஆகியவற்றோடு கூடிய சிறு வீடே அமைந்திருக்கும். முகாமை அடைந்ததும் குடும்பம் அதில் தங்கும். மழையில் நனைய வேண்டியதில்லை. தரையில் படுக்க வேண்டியதில்லை. வசதிதான், ஐயமில்லை. ஆனால் வசதிக்கு எடை உண்டு. அந்த எடையை மறந்துவிட்டால் அதற்கான விலையைக் கொடுப்பது முதலில் குதிரையே.

கணக்குப் பார்க்க வேண்டிய இடம்

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டோடு கூடிய அவர்களது டிரெய்லர் வெறுமையாய் இருக்கும்போது 4,500 கிலோ எடையுள்ளது எனக் கொள்வோம். சவாரிக் குதிரை ஒன்று 450 முதல் 550 கிலோ வரை இருக்கும். மூன்று குதிரைகளுக்கு 1,500 கிலோ. தொட்டியில் 300 லிட்டர் நீர், அதாவது 300 கிலோ. சேணங்கள், உலர்புல், உணவுப்பொருள், படுக்கை முதலியன 400 கிலோ. கூட்டினால் 6,700 கிலோ ஆகிறது. அவர்களது லாரியோ 6,000 கிலோ மட்டுமே இழுக்கத்தக்கது என்று அதைச் செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

“சென்ற முறையும் இழுத்ததே!” என்று குடும்பத் தலைவர் கூறக்கூடும். இழுக்கும், அதில் வியப்பில்லை. இன்றைய எஞ்சின்கள் தம் அளவை மீறியும் இழுக்கவல்லவை. ஆனால் இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு. நீண்ட மலை இறக்கத்தில் பாரம் பின்னின்று தள்ளத் தள்ள, பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. அப்போதுதான் அந்த 700 கிலோ தன் முகத்தைக் காட்டுகிறது. எஞ்சினின் வலிமை அங்கே துணைக்கு வருவதில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஊகத்தை நம்பாமல், நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்காக அமைந்துள்ள எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்க்கிறார்கள். டிரெய்லரின் மின்பிரேக்குகள், கொக்கி கழன்றால் அவற்றைத் தானாகவே பிடிக்கச் செய்யும் அவசர இணைப்பு, குறுக்காக மாட்டும் காப்புச் சங்கிலிகள், டயர்களின் வயது ஆகிய அனைத்தையும் புறப்படுமுன் பார்க்கிறார்கள். டயரின் வரிகள் தேயாதிருந்தாலும் ரப்பர் ஆண்டுகளால் முதுமையடைகிறது. மிக முக்கியமானது தரை. குதிரையின் சிறுநீர் பலகையை உளுக்கச் செய்யும்; அலுமினியத்தையும் அரிக்கும். மேலே விரித்த ரப்பர்ப் பாய்களை அகற்றிப் பாராமல் விட்டதனால், ஓடும் வண்டியில் தரை பெயர்ந்து குதிரையின் கால் சாலையைத் தொட்ட கொடுமைகளும் உண்டு. பாயைத் தூக்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம்தான் பலருக்குக் கிடைப்பதில்லை!

பேசாத பயணி

குதிரை இயல்பில் அஞ்சி ஓடிப் பிழைக்கும் விலங்கு. திறந்த வெளியே அதற்குப் பாதுகாப்பு. இருண்ட, ஒடுங்கிய, ஆடும் பெட்டிக்குள் நுழையச் சொல்வது அதன் இயல்புக்கே மாறானது. மேலும், வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வரும்போது அதன் கண்கள் பழகுவதற்கு மனிதக் கண்களைவிட அதிக நேரம் பிடிக்கும். அடித்து ஏற்றினால் ஒருநாள் ஏறும், மறுநாள் ஏறாது. நல்ல உரிமையாளர்கள் பயணத்துக்குப் பல நாள்களுக்கு முன்பே வீட்டு முற்றத்தில் டிரெய்லரைத் திறந்து வைத்து, ஓர் அடி, இரண்டடி என்று பொறுமையோடு பழக்குகிறார்கள்.

ஏற்றி இறக்குவதற்கும் ஒழுங்கு உண்டு. ஏற்றும்போது பின்பக்கத் தடுப்புக் கம்பியை மாட்டிய பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலைக்கயிற்றை அவிழ்த்த பிறகே பின்கம்பியை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், பின்னே வழி திறந்திருக்கக் கண்ட குதிரை பின்வாங்கும். கழுத்துக் கயிறு இழுக்கும். அது மிரண்டு துள்ளித் தன்னையும் அருகிலிருப்போரையும் காயப்படுத்திவிடும். இரு குதிரை டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால் இடப்புறத்தில் நிறுத்துவார்கள். அந்நாட்டில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. சாலையின் நடு உயர்ந்து வலவோரம் தாழ்ந்திருக்கும். எடை இடப்புறம் இருந்தால் வண்டி ஓரத்துக்குச் சரியாது.

ஓட்டுநருக்குரிய பாடம் இன்னும் நுட்பமானது. நாம் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம்; குதிரையோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் நான்கு கால்களால் தன்னைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நின்றபடி வந்ததே என்று ஓய்வாகக் கருதலாகாது. அதன் தசைகளுக்கு வழியெல்லாம் வேலைதான். நிறைகுடம் சுமப்பவள் நடப்பதுபோல் ஓட்ட வேண்டும். தலையை உயர்த்திக் கட்டியபடியே நெடுநேரம் சென்றால், மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் கிருமிகளையும் குதிரையால் வெளியேற்ற இயலாது. நுரையீரலில் கடுமையான காய்ச்சல் நோய் உண்டாகலாம். ஆதலால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தலையைத் தாழ்த்தவும் நீர் அருந்தவும் விடுகிறார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீர் குறைந்து குடல் இறுகினால் வயிற்றுச் சூலை வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

புறப்படும் முன்னர்க் கையில் இருக்க வேண்டிய தாள் ஒன்றும் உண்டு. குதிரைகளுக்கு வரும் ஒருவகைத் தொற்று இரத்தசோகைக்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் அதனை ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புகின்றன. கார்னெல் பல்கலைக்கழகத்துக் கால்நடை அறிஞர் லிராய் காகின்ஸ் 1970 வாக்கில் அதற்கான இரத்தச் சோதனையை உருவாக்கினார். 1973-இல் அமெரிக்க அரசு அதனை ஏற்றது. இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. நோய் உண்டெனத் தெரிந்தால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும். இன்றேல் வாழ்நாள் முழுதும் மற்றக் குதிரைகளிலிருந்து குறைந்தது 200 கஜ தூரத்தில் தனித்து வைக்க வேண்டும். பல ஊர்க் குதிரைகள் கூடும் முகாமில் இந்தச் சான்றிதழை வாயிலிலேயே கேட்பது அண்டையானின் குதிரையைக் காப்பதற்காகவே.

முகாமில் முதல் வேலை

கென்டக்கி, டென்னசி மாநிலங்களில் பரந்துள்ள ஒரு வனப்பகுதியின் பெயருக்கு “ஏரிகளுக்கு இடைப்பட்ட நிலம்” என்று பொருள். டென்னசி ஆற்றிலும் கம்பர்லண்ட் ஆற்றிலும் கட்டிய அணைகளால் இருபுறமும் ஏரிகள் தோன்ற, நடுவே நின்ற ஏறத்தாழ 1,70,000 ஏக்கர் நிலத்தை மக்களின் பொழுதுபோக்குக்கென 1963-இல் குடியரசுத் தலைவர் கென்னடி ஒதுக்கினார். 1999 முதல் அதனை வனத்துறை நிருவகிக்கிறது. அங்கே “ராங்லர்ஸ்” என்னும் பெயரில் குதிரையுடன் வருவோர்க்கெனவே அமைந்த முகாமிடம் உண்டு. லாயங்களும், டிரெய்லர் நிறுத்தும் தளங்களும், மைல் கணக்கில் நீளும் தடங்களும் அங்குள்ளன. 

அந்நிலம் ஆளில்லாக் காடாக இருந்ததன்று. பல நூறு குடும்பங்கள் தங்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற்றப்பட்டன. இன்றும் அக்காட்டுக்குள் அவர்களுடைய முன்னோரின் கல்லறைத் தோட்டங்கள் இருநூறுக்கு மேல் உள்ளன. ஒருவரின் இழப்பின்மீது மற்றவர் இளைப்பாறுகிறார் என்பதை அங்குச் சவாரி செய்வோர் மறக்கலாகாது.

முகாமை அடைந்தவுடன் மனிதருக்குப் பசிக்கும், களைப்பும் இருக்கும். ஆனால் குதிரைக்காரர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: முதலில் குதிரை, பிறகு நாம். குதிரையை இறக்கி, சிறிது நடத்தி, கால்களைத் தடவிப் பார்த்து, நீரும் புல்லும் வைத்த பிறகே அடுப்பு மூட்டுவார்கள். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் பத்து கிலோ வரை உலர்புல் வேண்டும். இருபது முதல் நாற்பது லிட்டர் வரை நீர் வேண்டும். வெயிலில் அதற்கும் மேல். விடுமுறைக்கு வந்த சிறுவனும் விடியலில் எழுந்து, தான் உண்ணுமுன் வாளியில் நீர் சுமக்கிறான். பிள்ளைகளுக்குப் பொறுப்பைப் போதிக்க இதனினும் எளிய வழி உண்டோ?

இரவில் கட்டும் முறையும் கவனத்துக்குரியது. ஒரே மரத்தில் குதிரையைக் கட்டினால் அது பட்டையைக் கடிக்கும்; குளம்பால் வேரைத் தோண்டும்; சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். ஆகவே இரண்டு மரங்களில் அகன்ற பட்டைகளைச் சுற்றி, அவற்றுக்கிடையே குதிரையின் தலைக்கும் மேலான உயரத்தில் கயிறு கட்டி, அதில் குதிரையைப் பிணைக்கிறார்கள். நீர்நிலையிலிருந்து 200 அடியாவது விலகிக் கட்டுகிறார்கள். கிளம்பும்போது இலத்தியை வாரி அதற்குரிய இடத்தில் சேர்க்கிறார்கள். குழிந்த மண்ணைச் சமன் செய்கிறார்கள். மேற்கு மாநிலங்களின் தேசியக் காடுகள் பலவற்றில், களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல்லையே கொண்டுவர வேண்டும். ஏனெனில் இலத்தி வழியே விழும் ஒரு விதையே காட்டின் இயற்கைச் செடிகளை நெருக்கிவிடும்.

தடம் அடைபடாதிருக்க

இவற்றைச் செய்யாதவர்களும் உண்டு. மழையில் சேறான தடத்தில் சவாரி செய்து அதனைக் குழியாக்குவோர், முகாமைக் குப்பைமேடாக விட்டுச் செல்வோர் எங்கும் இருக்கின்றனர். அவர்களால் தடங்கள் குதிரைகளுக்கு மூடப்படும்போது, தவறு செய்யாதவர்களும் இழக்கிறார்கள். இதனை உணர்ந்த சிலர் 1973-இல் மொன்டானா மாநிலத்தின் பிளாட்ஹெட் பள்ளத்தாக்கில் ‘பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினர். இன்று நாடெங்கும் அதன் கிளைகள் உள்ளன. விழுந்த மரங்களை அகற்றியும், அரித்த தடத்தைச் செப்பனிட்டும், பாலத்துக்கான மரங்களைக் குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் ஏற்றிச் சென்றும் அவர்கள் ஊதியமின்றித் தொண்டாற்றுகின்றனர். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படும் வனங்களில் மோட்டார்க் கருவிகளைப் பயன்படுத்தலாகாது. அங்கே இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் பழைய இரம்பமும் பாரம் சுமக்கும் விலங்குமே மீண்டும் வேலைக்கு வந்திருக்கின்றன. போன வேலை குதிரைக்கு இவ்வாறு ஓரளவு திரும்பியதும் மகிழ்ச்சிக்குரியதே.

இனி, நாம் வழியிலேயே நிறுத்தி வைத்த அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம். 6,700 கிலோவைக் கண்ட தந்தைக்கு முன் வழிகள் இல்லாமற் போகவில்லை. நீர்த்தொட்டியை வெறுமையாக்கி முகாமில் நிரப்பிக்கொள்ளலாம். வீட்டிலேயே விட்டுவிடத்தக்க பொருள்களை இறக்கலாம். அதுவும் போதாதெனில் ஒரு குதிரையை இம்முறை அண்டைவீட்டாரிடம் விட்டுவிட்டுப் பிள்ளைகள் முறை வைத்துச் சவாரி செய்யலாம். அல்லது வீடு சேர்ந்த பெரிய வண்டியையே விடுத்து, சிறிய டிரெய்லரையும் ஒரு துணிக்கூடாரத்தையும் இரவல் பெறலாம். பிள்ளைகள் முகம் வாடும். மனைவியும் ஒரு சொல் சொல்லக்கூடும். ஆயினும் அந்த வாட்டம் ஒரு மணி நேரத்தில் மாறும். மலை இறக்கத்தில் நேரும் தவறு மாறாது.

டிரெய்லருக்குள் நிற்கும் குதிரை பிரேக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை, எடைச்சீட்டைக் கேட்கவில்லை, தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அன்று காலை தன்னை அழைத்த கையை நம்பி அந்த இருட்டுக்குள் ஏறி நின்றது. அந்த நம்பிக்கைக்கு உரியவராய் நடந்துகொள்வதே குதிரையேற்றத்தின் முதற்பாடம். அதனைக் கற்றவருக்கே காட்டின் அமைதியும், நட்சத்திரங்களின் கீழ் கேட்கும் குதிரையின் செருமலும் முழு இன்பம் தரும்.