ஒரு பொய்க்கு இரண்டு ஏடு: கையாடலைப் பிடிக்கும் கணக்குப் புலிகள்

179 பில். அத்தனையும் போலி! ஓர் ஊரே 20 வருஷத்துக்கு மேல் ஏமாந்தது. கடைசியில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தது ஒரே ஒரு வங்கி ஸ்டேட்மென்ட். தடயவியல் கணக்காளர்கள் சலிக்காமல் பேசும் கதை இது. வாருங்கள், அந்த ஏடுகளுக்குள்ளேயே புகுந்து பார்த்துவிடலாம்.

ஊர், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிக்ஸன். ரொனால்ட் ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர். மக்கள்தொகை சுமார் 16,000. நகராட்சியின் வரவு செலவு முழுக்க ரீட்டா கிரண்ட்வெல் என்ற ஒரே அதிகாரியின் கையில். சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 80,000 டாலர். அவர் வளர்த்ததோ, நூற்றுக்கணக்கான உயர்சாதிப் போட்டிக் குதிரைகள்!

1990 டிசம்பரில் அவர் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். பெயர் ‘ஆர்.எஸ்.சி.டி.ஏ.’. கூடவே நகராட்சியின் பெயரும். பார்ப்பவர்களுக்கு ஏதோ சாக்கடைத் திட்ட நிதி என்றுதான் தோன்றும். ஊர்ப் பணத்தை ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு மாற்றுவார். அங்கிருந்து, ‘கருவூலர்’ என்று மட்டும் பெயர் போட்டு ஒரு செக். அது நேரே அந்த ரகசியக் கணக்கில் போய் விழும். யாராவது கேட்டால் காட்ட, மாநில அரசு அனுப்பியது மாதிரி ஒரு பில். “ஏன் இவ்வளவு பற்றாக்குறை?” என்றால், “மாநில அரசிடமிருந்து பணம் இன்னும் வரவில்லை” என்று பதில். 2008இல் மட்டும் எடுத்தது 58 லட்சம் டாலர்!

2011இல் அவர் நீண்ட விடுப்பில் போனார். அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்த நகராட்சி எழுத்தர், எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டையும் அனுப்பும்படி வங்கியைக் கேட்டார். வந்த கட்டில், அவர் அதுவரை கேள்விப்படாத ஒரு கணக்கு! மேயர் விஷயத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகுதான் உச்சக்கட்டம். ரீட்டா விடுப்பு முடிந்து அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எழுத்தரும் மேயரும் மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாதவர்கள் போல இருந்தார்கள். பின்னால் ஒவ்வொரு செக்காகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது எஃப்.பி.ஐ. 2012 ஏப்ரல் 17 அன்று கைது. மொத்தம் சுமார் 5.37 கோடி டாலர். 2013இல் 19 ஆண்டு 7 மாதச் சிறை.

வருஷா வருஷம் தணிக்கை நடந்ததே? நடந்தது. ஏடு விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்ப்பது தணிக்கை. தடயவியல் கணக்காளரின் கேள்வியே வேறு: இது என்னை ஏமாற்ற எழுதப்பட்ட ஏடாக இருந்தால்? உடனே அவர் இன்னொரு ஏட்டைத் தேடுவார். நகராட்சிக் கோப்பில் பில் இருக்கிறதா, அதை அனுப்பியதாகச் சொல்லப்படும் மாநில அரசின் கோப்பில் அதன் நகல் எங்கே? ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தாலே போதும், கதை அன்றைக்கே முடிந்திருக்கும்! பொய்யை ஒரு ஏட்டில் எழுதிவிடலாம். வெளியார் வைத்திருக்கும் ஏட்டிலும் அதையே எழுத வைக்க முடியாது. இந்தத் தொழிலின் மூச்சே இதுதான்.

இந்தச் சூத்திரத்தை அவர்கள் பிரயோகிக்கிற அழகு இருக்கிறதே! வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கவே மாட்டார்கள். முதலில் வன்தட்டை அச்சு அசலாக நகலெடுத்து, நகலில்தான் வேலை. மூலத்தில் கைபட்டால் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆட்டம் கண்டுவிடும். அப்புறம் சம்பளப் பட்டியலை வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஊழியர்களின் சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறதா? அதில் ஒருவர் லீவே போட்டதில்லையா? ஆளே இல்லாத ஆளாக இருக்கலாம்! சப்ளையர் முகவரியும் ஊழியர் வீட்டு முகவரியும் ஒன்றாக இருந்தால் அடுத்த மணி அடிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது பில் எண். ஜனவரியில் 101, பிப்ரவரியில் 102, மார்ச்சில் 103. அப்படியானால் அந்தக் கம்பெனிக்கு உலகத்தில் வேறு வாடிக்கையாளரே கிடையாதா?

எண்களே காட்டிக்கொடுக்கும் வித்தையும் உண்டு. இயல்பாகச் சேரும் பலவகைத் தொகைகளில் சுமார் 30 சதவீதம் 1இல் தொடங்கும். 9இல் தொடங்குபவை 5 சதவீதம்கூட இருக்காது. இது பென்ஃபோர்டு விதி. அரிசோனா மாநிலக் கருவூல அலுவலகத்தில் ஒரு மேலாளர் 23 செக்குகளில் கிட்டத்தட்ட 19 லட்சம் டாலரைத் திருப்பிவிட்ட வழக்கு, இந்த விதிக்குப் பாடப்புத்தக உதாரணம். 1 லட்சத்தைத் தொடாமல் இருக்க அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட தொகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் 7, 8, 9 என்றே தொடங்கின!

விசாரணைக்கும் ஒரு வரிசை உண்டு. சம்பந்தமில்லாதவர்களில் தொடங்கி, சந்தேகத்துக்குரியவரிடம் கடைசியில்தான் வருவார்கள். அதற்குள் மேஜையில் ஆதாரம் தயார். இதில் என் மனசுக்கு நெருக்கமான பக்கம், பழியிலிருந்து விடுபடுகிறவர்கள். கல்லாவில் பணம் குறைந்தால் முதல் பார்வை கடைநிலை ஊழியர்மேல்தான் விழும். “இவர் எடுக்கவில்லை” என்று காகிதத்தோடு நிரூபிப்பதும் இதே கணக்காளர்தான்.

சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்கள் சங்கத்தின் 2024 அறிக்கைப்படி, அது ஆராய்ந்த பணியிட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த துப்பால்தான் வெளிவந்தன. எனவே தொழில் நடத்துகிறவர்களே, செக் எழுதுகிறவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். ஸ்டேட்மென்ட் முதலில் உங்கள் கைக்கு வரட்டும். கணக்கு பார்ப்பவருக்கு வருஷத்தில் இரண்டு வாரம் கட்டாய லீவு கொடுங்கள். அந்த நாற்காலியில் வேறொருவரை உட்காரவையுங்கள். அவர் “இது என்ன கணக்கு?” என்று வந்து கேட்டால், எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.